சொந்த மரத்தில் குதிரை லாயம்: தோட்டத்து ஊரில் கட்டுகிறவர்களுக்கு

மலேசியாவில், பேராக்கின் சுங்கை சிப்புட்டில் பலகைக் கடைக்காரரிடம் போய், "லாயம் கட்டணும், ஆணி, போல்ட்டு வேணும்" என்றேன். "லயமா? இருக்கிற லயத்தையே கம்பெனி இடிச்சுத் தள்ளுது. நீங்க எதுக்குண்ணே புதுசா கட்டுறீங்க?" என்று கேட்டார். துணைக்கால் ஒன்று கூடினால் குதிரை வீடு, குறைந்தால் நம் வீடு. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு ஐம்பது வயதுக்கு மேல் லாயம் கட்டும் யோகம் வந்தது.

எங்கள் பக்கம் குதிரை என்றால் முனீஸ்வரன் கோயில் வாசலில் நிற்கும் சிமெண்டுக் குதிரைதான். அதற்குத் தீனியும் வேண்டாம், சாணம் அள்ளவும் வேண்டாம். உயிருள்ள குதிரை நம் ஊருக்கு வருவது பெரும்பாலும் பந்தயத் திடலிலிருந்து. ஈப்போவின் பந்தயத் திடல் பக்கத்தில்தான் இருக்கிறது. சிங்கப்பூரில் 1842-இல் தொடங்கிய பந்தயக் கிளப் 2024 அக்டோபர் 5-ஆம் தேதி கடைசி ஓட்டத்தை நடத்தி முடித்துக்கொண்டது. ஓடி ஓய்ந்த குதிரைக்கு இடம் கொடுக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "என் நிலத்து மரத்தை வைத்தே லாயம் கட்ட முடியுமா?" என்பதுதான். முடியும். ஆனால் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு மரம் தேடினால் முடியாது. முதலில் தோட்டத்தில் என்ன மரம் நிற்கிறது என்று பாருங்கள். பிறகு அதில் எது குதிரையின் பல்லுக்கும் குளம்புக்கும் எட்டும் இடத்தில் போகலாம், எது போகக்கூடாது என்று பிரியுங்கள். மற்ற எல்லாமே இந்தப் பிரிப்பிலிருந்து வருவதுதான்.

முதலில் காகிதம்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கே இது பிடிக்காத வேலை. நில கிராண்டில், அதாவது பட்டாவில், நிலம் என்ன வகை என்று பாருங்கள். விவசாய நிலமா, கட்டட நிலமா என்பது அதிலேயே எழுதியிருக்கும். கட்டடம் எழுப்ப 1974 சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி ஊராட்சி மன்றத்தின் அனுமதி வேண்டும். கொட்டகைதானே என்று அலட்சியமாக இருக்காதீர்கள். கால்நடைச் சேவைத் துறையிடமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். 2015 விலங்கு நலச் சட்டம் வந்த பிறகு, விலங்குக்குப் பொருத்தமான இருப்பிடம் கொடுப்பது உரிமையாளரின் கடமை.

மரத்துக்குத் தனிக் கணக்கு. மரம் உங்கள் நிலத்திலேயே நின்றாலும், வெட்டி லோரியில் ஏற்றி வெளியே ஆலைக்குக் கொண்டுபோவதற்கு முன் மாவட்ட வன அலுவலகத்தில் பெர்மிட் கேளுங்கள். 1984 தேசிய வனச் சட்டம் தனியார் நிலத்து மரத்தையும் தொடுகிறது. வழியில் லோரியை நிறுத்திக் கேட்டால் "என் பாட்டன் நட்ட மரம்" என்று சொல்வது எடுபடாது.

இடம்: வௌவாலையும் அரளியையும் பாருங்கள்

நிழல் இருக்கிறதே என்று டுரியான், மா, ரம்புத்தான் மரத்தடியில் லாயம் வைக்கத் தோன்றும். வேண்டாம். நம் பேராக் மாநிலத்துக்காரர்களுக்கு இதற்குக் காரணம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1998-இல் ஈப்போ வட்டாரத்தில்தான் நிப்பா வைரஸ் நோய் தலைகாட்டியது. பழந்தின்னி வௌவால் கடித்துப் போட்ட பழம் பன்றிக் கொட்டிலில் விழுந்து, அங்கிருந்து மனிதர்களுக்கு வந்தது. 105 பேர் இறந்தார்கள், பத்து லட்சத்துக்கும் அதிகமான பன்றிகளை அழித்தார்கள். அப்போது சில குதிரைகளிடமும் அந்தத் தொற்று இருந்தது தெரியவந்தது. பழமரத்தின் கிளை நீளும் இடத்திலிருந்து நன்றாகத் தள்ளிக் கட்டுங்கள்.

அடுத்தது அரளி. கோயில் பூவுக்கு என்று வேலி ஓரத்தில் நாம் எல்லோருமே வைத்திருக்கிறோம். குதிரைக்கு அது நஞ்சு. காய்ந்த இலையானாலும் நஞ்சுதான். கொஞ்சம் தின்றாலே இதயம் நின்றுவிடும். உன்னிச்செடியும் ஆகாது. நான் அரளியை வேரோடு பிடுங்கியபோது என் அத்தை ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை. பூவுக்குச் செம்பருத்தி வைத்துக்கொடுத்துச் சமாதானம் செய்தேன்.

தரை மேடாக இருக்கட்டும். கூரையின் முகடு கிழக்கு மேற்காக ஓடினால் நீளப் பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கும். காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய பக்கத்தில் மட்டுமே அடிக்கும். நம் வெக்கையில் இது சாதாரண விஷயமில்லை. குளிர்நாட்டிலிருந்து வந்த பந்தயக் குதிரைகள் சில இங்கே வந்து கொஞ்ச காலத்தில் வியர்ப்பதையே நிறுத்திவிடும். வியர்க்காத குதிரை உள்ளுக்குள் வெந்துபோகும். காற்றோட்டத்தைக் குறைத்துக் கட்டிய லாயம் அதை இன்னும் சீக்கிரம் கொண்டுபோய்விடும்.

எந்த மரம் எங்கே

நிலத்தில் இருப்பது அநேகமாகப் பால் மரம் என்கிற ரப்பர், எண்ணெய் எடுக்கும் செம்பனை, பழமரங்கள், எங்காவது நாலு தென்னை.

செம்பனையை மறந்துவிடுங்கள். தண்டு முழுக்க நாரும் ஈரமும்தான். அறுத்தால் பலகை மாதிரி இருக்கும், காய்ந்தால் சுருங்கிக் கோணும், கொஞ்ச நாளில் உளுத்துவிடும்.

பால் மரம் பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் ஏமாந்தது அதில்தான். 1877-இல் கோலகங்சாரில் நட்ட ஒன்பது கன்றுகளில் ஒன்று இன்னும் அங்கே நிற்கிறது என்று பள்ளிக்கூடத்தில் காட்டக் கூட்டிப் போனார்கள். நூறு ஆண்டு காலம் நமக்கு அது பால் தரும் மரம், வயதானால் புகைக்கூடத்துக்கு விறகு. பலகையாக அதை மதிக்கத் தொடங்கியது பிற்பாடுதான். இன்று நாற்காலி, மேசை என்று வெளிநாடு வரை போகிறது. வெளிறிய நிறம், நல்ல கடினம், இழைத்தால் வழவழப்பு. ஆனால் அந்த மரம் முழுக்க மாவுச்சத்து. வெட்டிய இரண்டு நாளிலேயே நீலப் பூஞ்சை ஏறும், அதற்குப் பிறகு பொடி வண்டு வரும். ஆலைக்காரர்கள் வெட்டிய சூட்டோடு அறுத்து, அழுத்தக் கலத்தில் போரான் மருந்து ஏற்றி, சூளையில் காய வைப்பது இதனால்தான்.

என் பெரியப்பா, "தேய்பிறையில வெட்டு, வண்டு வராது" என்றார். நானும் தேய்பிறை பார்த்துத்தான் வெட்டினேன். வெட்டிய மரத்தை ஒரு வாரம் அப்படியே போட்டு வைத்தேன், மருந்து ஏற்றவில்லை. வண்டுக்குப் பஞ்சாங்கம் தெரியவில்லை. ஐந்தாவது மாதம் பலகையைத் தட்டினால் மாவு சலித்த மாதிரி கொட்டியது. ஆக, பால் மரத்தை வெட்டும் முன்பே மருந்தேற்றும் ஆலையில் நாள் வாங்கிவிடுங்கள். மருந்து ஏற்றினாலும் அதை மழை படாத இடத்துக்கு மட்டும் வையுங்கள், ஏனென்றால் போரான் தண்ணீரில் கரைந்து வெளியேறிவிடும். சேணம் வைக்கும் அறை, தீனி அறையின் உட்பலகை, அலமாரி, கொக்கிப் பலகை, இவற்றுக்கு அது அருமை. தூணுக்கும் வெளிச்சுவருக்கும் ஆகாது.

பலா நம் வீட்டுத் தங்கம். அதன் மஞ்சள் வைரம், அதாவது முற்றிய நடுமரம், கரையானுக்கு எளிதில் மசியாது. குட்டையான தண்டுதான் குறை. ஒன்பது, பத்து அடித் தூண் எடுக்கலாம், அதற்கு மேல் நேராகக் கிடைப்பது அபூர்வம். வெளிறிய ஓரத்தைக் கழித்துவிட்டு வைரத்தை மட்டும் எடுங்கள்.

1990-களில் சிலர் "சீக்கிரம் பணம்" என்று செந்தாங் நட்டார்கள். வேம்பின் உறவுக்கார மரம். பணம் வந்ததோ இல்லையோ, இன்று அது நேராக, உயரமாக நிற்கிறது. கைமரத்துக்கும் சட்டத்துக்கும் அதையே எடுத்தேன். அக்கேசியா மாங்கியம் இருந்தால் அறுத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். நடுவில் உளுத்திருப்பது அதன் பிறவிக் குணம், நல்ல பகுதி, குதிரை உதைக்கும் சுவருக்கான உதைப் பலகைக்கு உதவும். தென்னையில் அடித்தண்டின் வெளிவளையம் மட்டும் இரும்பு, நடுப்பகுதி பஞ்சு. சாதாரண ரம்பப் பல் அதில் மழுங்கிவிடும். டுரியான் மரம் லேசு, மழையில் நிற்காது. தீனி அறை அலமாரிக்கு மேல் அதை நம்பாதீர்கள்.

உயரமான நாலு தூண் மட்டும் என் நிலத்தில் கிடைக்கவில்லை. இடித்த லயத்தின் உத்திரங்களைப் பழைய சாமான் வியாபாரியிடம் வாங்கினேன். அந்தக் காலத்து வன்மரம், ஆணி அடித்தால் ஆணிதான் வளையும். பழைய மரம் வாங்கினால் பெயிண்டை முழுக்கச் சுரண்டி எடுத்துவிடுங்கள், முகமூடி போட்டுக்கொண்டு. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், குதிரை அதைக் கறும்பும்.

அறுப்பது, காயவைப்பது

நடமாடும் ரம்பம் வைத்திருப்பவர்கள் தோட்டத்துக்கே வந்து அறுத்துக் கொடுப்பார்கள். லோரிக் கூலி மிச்சம். ஆனால் அவர் வருவதற்கு முன் ஒவ்வொரு பால் மரத்தின் பட்டையையும் காந்தத்தால் தடவிப் பாருங்கள். பால் வடியத் தகரம் அடித்திருப்போம், பால் பிடிக்கும் மங்கு கட்டக் கம்பி சுற்றியிருப்போம். இருபது வருடத்தில் மரம் அதையெல்லாம் விழுங்கியிருக்கும். நான் பார்க்காமல் விட்ட ஒரு தகரம் ரம்பத்தையே கிழித்தது. ரம்பக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, பில்லில் எழுதினார்.

உருட்டு மரத்தில் ஏறக்குறைய பாதிதான் பலகையாக வரும். இரண்டு அங்குலப் பலகை வேண்டுமென்றால் இரண்டேகால் அங்குலமாக அறுக்கச் சொல்லுங்கள். காய்ந்து சுருங்கி, இழைத்த பிறகு இரண்டு நிற்கும்.

பலகையை அடுக்குவது சோம்பேறி வேலையில்லை. கூரை உள்ள, பக்கம் திறந்த இடம் வேண்டும். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் கட்டை போட்டு, ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவில் ஓர் அங்குலக் குச்சிகளை இரண்டு அடிக்கு ஒன்றாக வையுங்கள். மேலிருந்து கீழ் வரை குச்சிகள் ஒரே கோட்டில் வர வேண்டும். கோடு தவறினால் பலகை பாம்பு மாதிரி வளையும். அறுத்த அன்றே இரண்டு முனையிலும் மீதிப் பெயிண்டைப் பூசுங்கள். முனை வழியாக ஈரம் வேகமாகப் போவதால்தான் வெடிப்பு விழுகிறது. மேல் அடுக்கின்மேல் சிமெண்டுக் கல் ஏற்றி வையுங்கள்.

இரண்டு அங்குலப் பலகைக்கு ஆறு மாதமாவது கொடுங்கள். காய்ந்ததா என்று அறிய எளிய வழி, ஒரு துண்டுப் பலகையைத் தராசில் நிறுத்து எடையைச் சுவரில் எழுதுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நிறுங்கள். எடை இறங்குவது நின்றால் காற்றில் அதற்குமேல் காயாது. நம் ஈரக் காற்றில் மரத்துக்குள் 15 முதல் 19 விழுக்காடு ஈரம் எப்போதும் இருக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

காத்திருக்கிற அந்த ஆறு மாதத்தில் காகித வேலையும் அடித்தள வேலையும் முடிந்துவிடும்.

அளவும் கணக்கும்

புதியவர்களுக்கு நான் சொல்வது வரிசை லாயம். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடியில் மூன்று அறைகளை வரிசையாகக் கட்டுவது. இரண்டு குதிரைக்கு, ஒன்று தீனிக்கும் சேணத்துக்கும். முன்னால் எட்டடி அகலத்தில் அஞ்சடி, கடை வரிசைகளின் முன்னால் இருக்குமே, அந்தக் கூரை போட்ட நடை. பெயர்தான் அஞ்சடி, எட்டு வைத்துக்கொள்ளுங்கள். குதிரையை அங்கே நிறுத்தித் தேய்க்க, குளம்பு பார்க்க, மழை நாளில் நீங்களே உட்கார்ந்து டீ குடிக்க. ஆக மொத்தம் 36 அடி நீளம், 20 அடி அகலம்.

ஒரு குதிரை போதும் என்று இருந்தாலும் இரண்டு அறையாகக் கட்டுங்கள். குதிரை கூட்டத்து மிருகம். துணையில்லாமல் சுவரைக் கறும்பும், ஆடிக்கொண்டே நிற்கும். இரண்டாவது அறையில் ஓர் ஆட்டைக் கட்டினாலும் அதற்கு ஆறுதல்தான்.

பின்வரிசைத் தூண் நாலு, குதிரை அறையின் முன்வரிசையில் நாலு, அஞ்சடி விளிம்பில் நாலு, மொத்தம் பன்னிரண்டு. எல்லாம் ஆறுக்கு ஆறு அங்குலம். பின்கூரை தரையிலிருந்து 10 அடி, முகடு 14 அடி, முன்விளிம்பு 11 அடி 4 அங்குலம். அடிக்கு நாலு அங்குலச் சரிவு. முகடு அறையின் முன்சுவருக்கு நேர் மேலே வருவதால் நடுத்தூணே முகட்டைத் தாங்கும். பெரிய முக்கோணச் சட்டம் தேவைப்படாது. ஒரு நல்ல ஆசாரியும் இரண்டு ஆளும் போதும். கீழே ஓரடிக் கான்கிரீட் கட்டை போக, தூண்களுக்கு மட்டும் ஏறக்குறைய 32 கன அடி மரம்.

உதைப் பலகையின் கணக்கை நீங்களே போட்டுப் பழகுங்கள். இரண்டு அறையின் பின்சுவர் 24 அடி, குறுக்குச் சுவர் மூன்று என்றால் 36 அடி, முன்சுவரில் இரண்டு நாலடிக் கதவு போக 16 அடி. மொத்தம் 76 அடி. நாலடி உயரம் என்றால் 304 சதுர அடி. இரண்டு அங்குலத் தடிமனுக்கு ஐம்பதரை கன அடி சொச்சம். நம் நாட்டுப் பலகைக் கணக்கில் 50 கன அடி ஒரு டன். ஆக உதைப் பலகைக்கு மட்டும் ஒரு டன். சேதாரத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் என் பலா மரங்கள் போதாது என்று தெரிந்தது. மீதியை அக்கேசியாவில் எடுத்தேன்.

தரையும் தூணும்

மேல்மண்ணை ஆறு அங்குலம் வழித்து எடுங்கள், வேர் ஒன்றுகூட மிஞ்சக்கூடாது. கிரஷர் கல்லைக் கொட்டி, நனைத்து, இடித்து, சுற்றுத் தரையைவிட ஓரடி உயரம் வரை கொண்டு வாருங்கள். எங்கள் பக்கம் சுண்ணாம்புக் குன்றுகள் நிறைய, கல்லுக்குப் பஞ்சமில்லை. மேலே கல்தூள், அதற்கு மேல் தடித்த ரப்பர் விரிப்பு. வெறும் கான்கிரீட்டில் நிற்கிற குதிரைக்குக் கால் போய்விடும். அஞ்சடியை மட்டும் கான்கிரீட் போடலாம், மேற்பரப்பைத் துடைப்பத்தால் கீறி விடுங்கள், வழுக்காது.

தூணை மண்ணில் புதைக்காதீர்கள். பழைய லயத்து வீடுகள் கான்கிரீட் கால்மேல் நின்றது சும்மா இல்லை, கரையானுக்கும் மரத்துக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியும் இடைவெளி வேண்டும் என்பதற்காக. ஓரடி உயரக் கான்கிரீட் கட்டை, அதில் புதைத்த இரும்புப் பாதம், அதன்மேல் போல்ட்டு போட்ட தூண். கட்டைகளுக்கு நடுவே அதே உயரத்தில் கான்கிரீட் குட்டைச் சுவர் எழுப்பிவிடுங்கள். மூத்திரமும் ஈரமும் அதோடு நிற்கும், மரம் அதற்கு மேலேதான் தொடங்கும். வாரத்துக்கு ஒருமுறை அந்தக் குட்டைச் சுவரைச் சுற்றிப் பாருங்கள். கரையான் மண்கோடு ஏறினால் அங்கேயே கண்ணில் படும்.

குதிரை உதைக்கும் சுவர்

வேறு எங்கே கை குறைத்தாலும் இங்கே குறைக்காதீர்கள்.

பலகையைத் தூணின் உட்பக்கம் வையுங்கள். உதை விழுந்தால் பலகை தூண்மேல் போய் மோத வேண்டும். வெளிப்பக்கம் அடித்தால் ஒவ்வொரு உதையும் ஆணியைப் பிடுங்கும். ஆணியே வேண்டாம் என்பது என் கட்சி. தூணில் இரும்புக் காடி ஒன்றை போல்ட்டு போட்டு நிறுத்தி, பலகைகளை மேலிருந்து ஒவ்வொன்றாக இறக்கிவிடுங்கள். நடுவில் ஒரு முட்டுக்கால் கொடுங்கள், பன்னிரண்டு அடிப் பலகை தனியாக நின்றால் வளையும். ஒரு பலகை உடைந்தால் உருவிவிட்டு வேறொன்றை இறக்கலாம், பத்து நிமிட வேலை.

குட்டைச் சுவரின் உள்முகமும் பலகையின் உள்முகமும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். குதிரை உருண்டு புரளும். புரளும்போது குளம்பு மாட்டிக்கொள்ள ஒரு படியோ இடுக்கோ இருந்தால் எழுந்திருக்க முடியாமல் அடித்துக்கொள்ளும். குட்டைச் சுவர் ஓரடி, பலகை நாலடி, ஆக ஐந்தடி வரை அடைப்பு. அதற்கு மேல் ஏழரை அடி வரை குழாய்க் கம்பிகள், இடைவெளி மூன்று அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. கம்பி வழியே காற்று வரும், பக்கத்து அறைத் துணையும் தெரியும். கதவு நாலடி அகலம், எட்டடி உயரம், தண்டவாளத்தில் ஓடும் தள்ளுகதவு. உள்பக்கம் திறக்கும் கதவு மட்டும் வேண்டவே வேண்டாம். குதிரை அதன் பின்னால் விழுந்து கிடந்தால் திறக்கவே முடியாது.

பல்லுக்கு எட்டும் மேல் விளிம்பு எல்லாவற்றிலும் துத்தநாகம் பூசிய இரும்புக் கோணத்தகட்டைக் கவிழ்த்துவிடுங்கள். கடையில் பச்சை நிறமாக விற்கும் மருந்தேற்றிய மரத்தில் பெரும்பாலும் செம்பு, குரோமியத்தோடு ஆர்செனிக்கும் உண்டு. கூரைச் சட்டத்துக்கு ஆகலாம், குதிரை வாய்க்கு எட்டும் இடத்துக்கு ஆகாது. தோட்டத்துப் பழக்கத்தில் வேலிக்காலுக்குப் பழைய எஞ்சின் எண்ணெய் அடிப்போமே, அதையும் லாயத்துக்குள் கொண்டுவராதீர்கள்.

கூரை

தகரக் கூரைதான், ஆனால் நேராகச் சட்டத்தின்மேல் அடித்தால் மத்தியானம் அடுப்பு, மழை வந்தால் மத்தளம். அடியில் வெப்பத்தடுப்பு விரிப்பு போடுங்கள். முகட்டில் ஓரடி இடைவெளி விட்டு, அதன்மேல் சின்னதாக இன்னொரு கூரை. பழைய தோட்டத்து ஆலைகளில் பார்த்திருப்பீர்கள், ஜாக் ரூஃப் என்பார்கள். சூடும் மூத்திர நெடியும் அந்த வழியாகப் போய்விடும். விளிம்பு மூன்றடி வெளியே நீளட்டும். ஆண்டுக்கு 2,000 மில்லி மீட்டருக்கு மேல் மழை கொட்டும் ஊர் இது. தண்ணீர் சொட்டும் கோட்டுக்கு நேர் கீழே லோங்கான், அதாவது வடிகால், வெட்டி, சரிவு கொடுத்து விடுங்கள். தேங்கினால் ஏடிஸ் கொசுவுக்குச் சுகாதார இலாகா உங்களைத் தேடி வரும்.

இழைப்பு, பூச்சு, மின்சாரம்

குதிரை உரசும் பலகையை இழைத்து, முனைகளை உருட்டிவிடுங்கள். உள்பக்கத்துக்குச் சமைக்காத ஆளிவிதை எண்ணெய் மெல்லிசாக இரண்டு பூச்சு. கடையில் 'கொதிக்கவைத்தது' என்று விற்பதில் சீக்கிரம் காய உலோகச் சேர்மம் கலந்திருப்பார்கள், கறும்பும் மிருகத்துக்கு அது வேண்டாம். தடிமனாகப் பூசினால் காயாது, நம் ஈரத்தில் பூசணம் பிடிக்கும். ஒரு பூச்சுக்கும் அடுத்ததற்கும் ஒரு வாரம் விடுங்கள்.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்துவிட்டுப் போகாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும், சுருட்டிய துணி தானாகவே பற்றிக்கொள்ளும். பக்கத்தில் உமியும் மரத்தூளும் உலர்புல்லும் இருக்கிற இடம் இது. துணியை வெயிலில் விரித்துக் காயப் போடுங்கள், அல்லது தண்ணீரில் அமிழ்த்தி வையுங்கள்.

மின்சாரத்தை எரிசக்தி ஆணையத்தில் பதிந்த வயர்மேனிடம் கொடுங்கள். எலி கடிக்காமல் வயர் முழுக்கக் குழாய்க்குள் போகட்டும், விளக்குக்குக் கூண்டு, மின்கசிவு வெட்டி கட்டாயம். காற்றாடி குதிரையின் கழுத்து எட்டாத உயரத்தில் இருக்கட்டும். உலர்புல்லின் பெரிய சேமிப்பைத் தனிக் கொட்டகையில் வையுங்கள்.

படுக்கையும் சாணக்குழியும்

நாற்காலித் தொழிற்சாலைகளில் பால் மரத்தூள் கிடைக்கும். மருந்தேற்றிய மரத்தின் தூளா, பெயிண்டு, பசை கலந்ததா என்று கேட்டு வாங்குங்கள். ஆறு அங்குலம் விரித்தால் போதும். ஒரு குதிரை ஒரு நாளைக்கு 20 கிலோவுக்குக் குறையாமல் சாணம் போடும், 30 முதல் 50 லிட்டர் தண்ணீர் குடிக்கும். இரண்டு குதிரை என்றால் மாதத்துக்கு ஒரு டன்னுக்கு மேல் சாணம். குழி எங்கே என்று கட்டுவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். கிணற்றுக்கும் ஓடைக்கும் தூரமாக, காற்றடிக்கும் திசைக்குக் கீழே, மூடியோடு. பக்கத்து நிலத்தில் செம்பனையோ தென்னையோ இருந்தால் இன்னும் கவனம். மட்கும் சாணக் குவியலில் காண்டாமிருக வண்டு முட்டையிடும், அது பறந்துபோய் அவர்கள் மரக் குருத்தைத் துளைக்கும். எங்கள் பக்கத்து நிலத்துச் சீன முதலாளி, தவுக்கே, ஒருநாள் ஒரு வண்டைப் பால்மாவு டின்னில் போட்டு எடுத்துக்கொண்டு வந்து என் மேசைமேல் வைத்தார். ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரம் குழிக்கு வலை போட்டேன், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கிளறிப் புழு பொறுக்குகிறேன்.

குதிரையை உள்ளே விடுவதற்கு முன்

ஒரு பழைய சேலைத் துணியைக் கையில் எடுத்துக்கொண்டு, அறையின் நான்கு சுவரையும் தரையிலிருந்து தலை உயரம் வரை தடவிக்கொண்டே வாருங்கள். துணி எங்கே மாட்டுகிறதோ அங்கே சிலாம்போ ஆணி முனையோ இருக்கிறது. பிறகு முட்டி போட்டுக் கீழ் இடுக்குகளைப் பாருங்கள். காந்தத்தைக் கயிற்றில் கட்டி விரிப்பின்மேலும் அஞ்சடியிலும் இழுத்தால் கொட்டிய ஆணிகள் வந்துவிடும். என் லாயத்தில் ஒரு மங்கு நிறைய வந்தது.

மரம் கட்டிய பிறகும் கொஞ்சம் சுருங்கும். மூன்றாவது மாதம் எல்லா போல்ட்டையும் ஒரு சுற்று முறுக்குங்கள், காடியில் பலகைகள் இறங்கியிருந்தால் மேலே ஒரு மெல்லிய பட்டியைச் சேருங்கள். அதற்கென்று நல்ல காய்ந்த பலகையில் நாலைந்தை முதலிலேயே பரண்மேல் போட்டு வைத்துவிடுங்கள், அறுத்த மரத்தையெல்லாம் கட்டி முடித்துவிடாமல்.